மீக்கணினி வந்த பிறகும் ஏன் காத்திருக்க வேண்டும்?

"அண்ணே, மிஷின் வந்து மூணு மாசமாச்சு. இன்னும் எங்களுக்குத் திறந்து விடல. உள்ள என்னதான் பண்றாங்க?"

ஜொகூர் மாநிலத்துக் கூலாயில் ஞாயிற்றுக்கிழமை பசியாறப் போன கடையில், தோசை மேசைக்கு வருமுன்பே இந்தக் கேள்வி வந்துவிட்டது. கேட்டவள் எங்கள் தாமானில் நாலு வீடு தள்ளியிருப்பவள். தாத்தா கித்தா மரம் வெட்டியவர். அப்பா செம்பனை லோரி ஓட்டுகிறார். இவள் கனமழையைக் கணினியில் கணிக்கும் ஆராய்ச்சி மாணவி. அவளுடைய பல்கலைக்கழகத்துக்குப் புதிய மீக்கணினி (சூப்பர் கம்ப்யூட்டர்) வந்து இறங்கி, படமெடுத்து, செய்தியும் போட்டாகிவிட்டது. நவம்பரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். அதற்குள் பழைய வெள்ளங்களை மறுபடி ஓட்டிப் பார்த்து முடித்துவிட வேண்டும் என்பது அவள் அவசரம்.

நான் பல வருடம் இப்படி ஒரு மீக்கணினியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவன். அன்று தோசை ஆறும்வரை அவளிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். அந்த மூன்று மாதத்தை யாரும் வீண் தாமதம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு மீக்கணினி சொல்லும் விடையை நம்பலாமா கூடாதா என்பது அந்த மாதங்களில்தான் முடிவாகிறது. அதை முடிவு செய்வதில் அவளைப் போன்றவர்களுக்கும் பங்கிருக்கிறது.

எங்கள் ஊர்க்காரர்கள் இதைத் தெரிந்துகொள்ள இன்னொரு காரணமும் உண்டு. முன்பு கித்தாவும் பிறகு செம்பனையும் நின்ற கூலாய் நிலத்தில் இன்று டேட்டா சென்டர்கள் எழும்பி நிற்கின்றன. ஒய்டிஎல் நிறுவனம் சில்லு தயாரிக்கும் என்விடியாவுடன் சேர்ந்து இங்கே செயற்கை நுண்ணறிவுக் கணினிகளை அமைக்கப் போவதாக 2023 டிசம்பரில் அறிவித்தது. செடெனாக் பக்கம் காடி ஓட்டிக்கொண்டு போனால் ஜன்னலில்லாத நீளக் கட்டடங்கள் வரிசையாகத் தெரியும். ஃபின்லாந்தில் கயானி என்ற சிற்றூரில் மூடிப்போன காகித ஆலை வளாகத்துக்குள் லூமி என்ற மீக்கணினியை வைத்தார்கள். ஊரைப் பிழைக்க வைத்த தொழில் போய், அதே இடத்தில் கணினி வந்தது. இங்கே நடப்பதும் கிட்டத்தட்ட அதுதான். கூலாயில் நிற்பவை பெரும்பாலும் வணிகத்துக்கானவை, மாணவி காத்திருப்பது ஆராய்ச்சிக்கானது. ஆனால் இரண்டையும் ஓட வைக்கும் பாடு ஒன்றுதான்.

மீக்கணினி என்றதும் ஒரே பெரிய கணினி என்று தோன்றும். உண்மையில் அது ஆயிரக்கணக்கான கணினிகளை அதிவேக வலையால் ஒன்றாகக் கட்டிய கூட்டம். அந்தக் கூட்டத்தில் ஒவ்வொன்றையும் நாங்கள் நோடு என்போம். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் இருக்கும் ஃப்ரன்டியர் மீக்கணினி திறந்தபோது அதில் 9,408 நோடுகள், 37,632 ஜிபியுக்கள் (ஒரே நேரத்தில் ஏராளமான கணக்குகளைப் போடும் சில்லுகள்). உதிரிப் பாகங்களைக் கணக்கெடுத்தால் சுமார் 6 கோடி என்கிறார்கள். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. பத்து வருடத்துக்கு ஒருமுறைதான் பழுதாகும் நல்ல பாகம் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். அப்படிப்பட்ட பாகம் பத்தாயிரம் இருந்தால், ஏறக்குறைய ஒன்பது மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதோ ஒன்று பழுதாகும். இது வெறும் வகுத்தல் கணக்கு, யாருடைய கவனக்குறைவும் இல்லை. மெட்டா நிறுவனம் தன் லாமா 3 மொழி மாதிரியைப் பயிற்றுவிக்க 16,384 ஜிபியுக்களை 54 நாள் ஓட்டியபோது, எதிர்பாராமல் வேலை நின்றது 419 தடவை. மூன்று மணி நேரத்துக்கு ஒன்று. அவற்றில் முக்கால்வாசிக்கும் மேல் வன்பொருள் கோளாறு.

ஆகவே பழுதே வராத இயந்திரத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை. பழுது வந்தால் அது உடனே கண்ணில் படுகிறதா, மற்ற வேலைகளைக் கெடுக்காமல் ஒதுக்க முடிகிறதா என்றுதான் பார்க்கிறோம்.

என் அப்பா செம்பனை ஆலையில் பாய்லர்மேன். புதுக் கொதிகலனோ பழுது பார்த்த கொதிகலனோ, முதலில் நெருப்பு மூட்ட மாட்டார்கள். உள்ளே காற்றே இல்லாமல் பச்சைத் தண்ணீரை நிரப்பி, அது வழக்கமாகத் தாங்க வேண்டியதைவிட அதிக அழுத்தம் கொடுத்து நிறுத்திவிடுவார்கள். ஆவியில் வெடித்தால் ஆள் போய்விடும். தண்ணீரில் என்றால் ஒழுகும், அவ்வளவுதான். அப்பா டார்ச் விளக்கோடு ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே போவார். விரல் ஈரமானால் அங்கே ஒரு சாக்கட்டிக் கோடு. முழு ஆவியில் ஆலை ஓடுவதற்குமுன் இந்தக் கோடுகள் எல்லாம் அழிய வேண்டும்.

மீக்கணினியிலும் முதல் சில வாரம் தண்ணீரோடும் மின்சாரத்தோடும்தான் போகும். இன்றைய பெரிய இயந்திரங்களைக் குளிர்விப்பது தண்ணீர். ஜிபியுவின் மேல் உட்காரும் உலோகத் தட்டுக்குள் மயிரிழை போன்ற வழிகள் இருக்கின்றன. கட்டடக் குழாயில் ஒட்டவைத்தபோது விழுந்த துகள், டேப் துணுக்கு, துரு எது வந்தாலும் அந்த வழி அடைத்துக்கொள்ளும். அதனால் கணினியை இணைக்காமலேயே குழாய்களில் தண்ணீரைச் சுற்றவிட்டு, வடிகட்டியைக் கழற்றிக் கழற்றிக் கழுவுவோம். நான் பார்த்த ஒரு வடிகட்டியில் முதல் நாள் வந்தது ஒரு மங்கு நிறையக் கறுப்பு மணல். ஏழாம் நாள் விரலில் ஒட்டுமளவுக்குத்தான் இருந்தது. அதுவரை யாரும் ஸ்விட்சைத் தொடவில்லை.

நம் நாட்டுக் காற்றுக்கென்று தனிக் கவலை ஒன்று உண்டு. ஐஸ் போட்ட தேத்தண்ணீர்க் கிளாசின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஜொகூரின் ஈரக்காற்றில் குழாயின் தண்ணீர் அளவுக்குமேல் குளிர்ந்திருந்தால், கணினிப் பெட்டிக்குள்ளும் அதே வியர்வை பூக்கும். மின்சாரம் ஓடும் இடத்தில் ஒரு சொட்டு போதும். ஆகவே காற்றின் பனிப்புள்ளியைவிட (காற்றிலுள்ள ஈரம் சொட்டாக மாறத் தொடங்கும் வெப்பநிலை) மேலேயே தண்ணீரின் வெப்பத்தை வைத்திருக்க வேண்டும். நல்ல வேளையாகப் புது இயந்திரங்கள் வெதுவெதுப்பான தண்ணீரையே தாங்குகின்றன; ஃப்ரன்டியருக்குள் போகும் தண்ணீர் சுமார் 32 டிகிரி. இருந்தாலும், மத்தியானம் இடிமழை பெய்து ஈரம் ஏறும் நாளில் உணர்கருவிகள் சரியாகச் சொல்கின்றனவா என்று இங்கே, நம் மழையில்தான் பார்க்க முடியும்.

பிறகு சூடேற்றம். புதுப் பாகங்களில் பலவீனமானவை ஆரம்பத்திலேயே விழுந்துவிடும், தப்பியவை வெகுகாலம் நிற்கும் என்பது மின்னணுத் தொழிலில் எல்லாரும் கண்ட பாடம். அதனால் வேண்டுமென்றே நாட்கணக்கில் முழு வேகத்தில் ஓட்டி, விழுகிறவற்றை விழவைப்பார்கள். லின்பேக் என்ற சோதனை அதற்குத் தோதானது. மிகப் பெரிய சமன்பாட்டுத் தொகுதி ஒன்றைத் தீர்க்கச் சொல்லும் அது, இயந்திரத்தை முழுச்சூட்டில் வைத்திருக்கும். 1993 முதல் ஆண்டுக்கு இரண்டு தடவை வெளியாகும் டாப் 500 பட்டியலும் இந்த லின்பேக் வேகத்தை வைத்துத்தான் போடப்படுகிறது. செய்தித்தாள்கள் இந்த ஒரு எண்ணைப் பிடித்துக்கொள்வதில் எனக்கு வருத்தம் உண்டு. ஃப்ரன்டியர் 2022 மே மாதத்தில் ஒரு எக்ஸாஃப்ளாப்பை, அதாவது நொடிக்குப் பத்தாயிரம் கோடி கோடிக் கணக்குகளைத் தாண்டியதாக உலகமே கொண்டாடியது. எல்லா ஆராய்ச்சியாளர்களுக்கும் முழுமையாகத் திறந்தது 2023 ஏப்ரலில்தான். ஆர்கான் ஆய்வகத்தின் அரோரா மீக்கணினியில் கடைசிக் கணினிப் பலகை 2023 ஜூனில் ஏறியது. பயனர்களுக்குத் திறக்க 2025 ஜனவரி ஆனது. பதினெட்டு, பத்தொன்பது மாதம். மூன்று மாதத்துக்கே முகம் வாடிய எங்கள் மாணவியிடம் இதைச் சொன்னபோது அவளுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

அடுத்து வருவது எல்லாவற்றிலும் நுட்பமானது. எல்லாம் ஓடும், எதுவும் பழுதாகாது, ஆனால் வேகம் மட்டும் வராது.

தோட்டத்தில் பெரட்டு எடுத்ததைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் எல்லாரும் நிற்க, கடைசி ஆள் வந்து பெயர் கொடுக்கும்வரை ஒருவரும் வேலைக்காட்டுக்கு நகர முடியாது என்று வையுங்கள். ஒருவர் வெற்றிலை மடிக்க அரை நிமிடம் நின்றால் அரை நிமிடம்தான் நட்டம். ஆனால் அந்த நாளில் பெரட்டு ஆயிரம் தடவை நடக்கிறது, ஒவ்வொரு தடவையும் வேறொருவர் அரை நிமிடம் நிற்கிறார் என்றால் முழு நாளும் போய்விடும். யாரைக் கேட்டாலும் "நான் ஒரே தடவைதான் நின்னேன்" என்பார். அது பொய்யுமில்லை. மீக்கணினியில் பெரிய கணக்குகள் இப்படித்தான் ஓடுகின்றன. ஒவ்வொரு படியிலும் எல்லா நோடுகளும் ஒன்றுக்காக ஒன்று காத்திருந்து, விடையைப் பரிமாறிவிட்டு அடுத்த படிக்குப் போகும்.

லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் ஆஸ்கி கியூ இயந்திரத்தில் நடந்ததும் இதுதான். சேஜ் என்ற நிரல், கணித்து வைத்த வேகத்தில் ஏறக்குறைய பாதிதான் ஓடியது. நோடுக்கு நான்கு செயலிகள் இருந்தும், பெரிய அளவில் ஓட்டும்போது மூன்றை மட்டும் பயன்படுத்தினால் வேகம் கூடியது. விசித்திரம்தான். தேடிப் பார்த்ததில், ஒவ்வொரு நோடிலும் இயக்க முறைமை தன் சொந்த வேலைகளுக்காக அவ்வப்போது செயலியை ஒரு கணம் பிடுங்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. தனித்தனியாகப் பார்த்தால் கண்டுகொள்ளவே முடியாத சிறு துணுக்குகள். ஆயிரக்கணக்கில் சேர்ந்தபோது பாதி இயந்திரத்தைத் தின்றுவிட்டன. தேவையில்லாத வேலைகளை நிறுத்தி, மற்றவற்றை ஒழுங்குபடுத்தியதும் சேஜின் வேகம் ஏறக்குறைய இரட்டித்தது. ஒரு வன்பொருளும் புதிதாக வாங்கவில்லை. 2003-இல் வெளியான இந்த ஆய்வை, இயந்திரம் பார்த்துக்கொள்ள வருகிற ஒவ்வொரு தம்பியிடமும் தங்கையிடமும் நான் படிக்கச் சொல்வேன்.

மெதுவாக ஓடினால் பொறுத்துக்கொள்ளலாம். தப்பான விடை தந்துவிட்டு நல்ல பிள்ளையாக நிற்கும் இயந்திரத்தை என்ன செய்வது? வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 2003-இல் 1,100 ஆப்பிள் பவர் மேக் கணினிகளைக் கோத்து, அந்த ஆண்டு நவம்பர்ப் பட்டியலில் உலகின் மூன்றாம் இடத்தைப் பிடித்தது. மிகக் குறைந்த செலவு என்று எல்லாரும் வியந்தார்கள். ஆனால் அந்த மேக் கணினிகளின் நினைவகத்தில் பிழை திருத்தும் வசதி இல்லை. விண்வெளியிலிருந்து வரும் கதிர்த்துகள் ஒன்று நினைவகத்தில் ஒரு பிட்டைப் புரட்டிவிட்டால் அதைச் சொல்ல ஆளில்லை. அடுத்த ஆண்டே அத்தனையையும் அகற்றி, பிழை திருத்தும் நினைவகம் உள்ளவற்றை வைத்தார்கள். இன்று அந்த வசதி இல்லாமல் யாரும் வாங்குவதில்லை. ஆனாலும் செயலியே கூட்டலில் தவறலாம். பல ஆயிரம் இயந்திரங்களுக்குச் சில செயலி மையங்கள் எப்போதாவது தப்பாகக் கணக்கிடுகின்றன என்று கூகுள் ஆய்வாளர்கள் 2021-இல் எழுதினார்கள்.

இதில் எனக்கே ஒரு படிப்பினை உண்டு. நான் வேலை செய்த இடத்தில் புது இயந்திரம் லின்பேக்கில் தேறிவிட்டது, ஏற்புச் சோதனை ஆவணத்தில் கையெழுத்தும் ஆகிவிட்டது. இரண்டு வாரம் கழித்து வேதியியல் மாணவி ஒருவர் எழுதினார்: ஒரே உள்ளீடு, மூன்று தடவை ஓட்டினேன், ஆறாம் தசம இலக்கத்தில் விடை மாறுகிறது. "கூட்டும் வரிசை மாறினால் அப்படித்தான் வரும்மா" என்று பதில் போட்டேன்.

அது தப்பான பதிலும் இல்லை. எடைமேடையில் லோரி நிற்கிறது. அது பத்துக் கிலோவுக்குக் குறைந்ததைக் காட்டாது. உதிரிப்பழத்தை ஒவ்வொன்றாகத் தனியே மேடையில் வைத்து, ஒவ்வொரு தடவையும் மேடை காட்டிய எண்ணை லோரியின் எடையோடு கூட்டிக்கொண்டு போனால், எண் நகரவே நகராது. அதே பழங்களைச் சாக்கில் சேர்த்து மேடையில் வைத்துக் கூட்டினால் நகரும். கணினியும் இத்தனை இலக்கம்தான் வைத்துக்கொள்ள முடியும் என்பதால், பெரிய எண்ணோடு சிறிய எண்களை எந்த வரிசையில் கூட்டினோம் என்பதைப் பொறுத்துக் கடைசி இலக்கங்கள் மாறும். பல ஆயிரம் செயலிகள் முந்திப் பிந்தி விடை தரும் இடத்தில் இது சகஜம்.

ஆனால் அந்தப் பெண் விடவில்லை. கடைசி இலக்கத்தில் மாறினால் சரி, இது ஆறாவது இலக்கம், அதுவும் இரவில் ஓட்டினால் மாறவில்லை, பகலில்தான் மாறுகிறது என்று அட்டவணை போட்டு அனுப்பினார். ஒவ்வொரு நோடாகத் தனியே ஓட்டிப் பார்த்தோம். ஒரே ஒரு ஜிபியு. பகல் வெப்பத்தில், அதன் தட்டு சரியாக உட்காராததால், ஓரளவுக்குமேல் சூடேறும்போது மட்டும் பெருக்கலில் தவறியது. லின்பேக் தன் விடையைச் சரிபார்க்கத்தான் செய்யும். ஆனால் நாங்கள் அதை ஓட்டியதெல்லாம் ராத்திரியில். கையெழுத்துப் போட்டவன் நான்தான். அந்த மாணவியிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். இரண்டு வாரத்தில் அந்த நோடைத் தொட்ட எல்லா வேலைகளின் உரிமையாளர்களுக்கும் கடிதம் போனது: மறுபடி ஓட்டுங்கள்.

அன்றிலிருந்து, நிஜமான ஆராய்ச்சி வேலையைக் கொண்டுவரும் பயனர்களை உள்ளே விடாமல் சோதனை முடிந்ததாகச் சொல்லக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். பெரிய மையங்கள் இதை முறையாகவே செய்கின்றன. ஃப்ரன்டியர் திறக்குமுன் அதே பாகங்களால் ஆன க்ரஷர் என்ற சிறு இயந்திரத்தைத் தந்து, நிரல்களை மாற்றியெழுத வைத்தார்கள். என்விடியா ஜிபியுவுக்கு எழுதிய நிரல் ஃப்ரன்டியரின் ஏஎம்டி ஜிபியுவில் அப்படியே ஓடாது. அந்த மாற்றமே சில குழுக்களுக்கு வருடக்கணக்கான வேலை. அரோராவுக்கு சன்ஸ்பாட் அப்படி. ஜப்பானின் கோபே நகரில் ஃபுகாகு மீக்கணினியை இன்னும் பொருத்திக்கொண்டிருந்த 2020-ஆம் ஆண்டிலேயே, தயாரான பகுதியைக் கோவிட் ஆராய்ச்சிக்குத் திறந்துவிட்டார்கள். இருமும்போது எச்சில் துளி எவ்வளவு தூரம் பறக்கும், தடுப்புப் பலகை எவ்வளவு உயரம் வேண்டும் என்ற கணக்குகள் அதில் ஓடின. முழு இயந்திரமும் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது 2021 மார்ச்சில்.

முன்னோடிப் பயனர்களாகப் போகிறவர்களுக்குக் கணினி நேரம் பெரும்பாலும் இலவசமாகக் கிடைக்கும். பதிலுக்குப் பொறுமை வேண்டும். வேலை பாதியில் நிற்கும், முன்னறிவிப்பில்லாமல் இயந்திரம் அணையும், போட்ட கோப்பு அடுத்த வாரம் இருக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. கோப்பைப் பற்றி அழுத்திச் சொல்கிறேன். கியோட்டோ பல்கலைக்கழகத்தின் மீக்கணினியில் 2021 டிசம்பரில், அதுவும் நன்றாக ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தில், காப்புநகல் எடுக்கும் நிரல் ஒன்றை அது ஓடும்போதே மாற்றியதால் சுமார் 77 டெராபைட் ஆராய்ச்சித் தரவு அழிந்தது. ஏறக்குறைய 3 கோடியே 40 லட்சம் கோப்புகள். உங்கள் தரவின் ஒரு பிரதி எப்போதும் வேறிடத்தில் இருக்கட்டும்.

கணக்குத் திறப்பது, யார் வேலை முதலில் போகும் என்ற வரிசை விதிகள், மென்பொருள் நிறுவல், பயிற்சி வகுப்பு எல்லாம் இதே மாதங்களில் நடக்கும். அவற்றை இங்கே விரிக்கவில்லை. ஒன்று மட்டும்: வழிகாட்டியை எழுதுகிறவர் அதை முதல் தடவை வருகிற ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து, வாய் திறக்காமல், அவர் எங்கே தடுமாறுகிறார் என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒதுக்கும் ஒரு மத்தியானம் பிறகு வரும் நூறு மின்னஞ்சலை மிச்சப்படுத்தும்.

எங்கள் மாணவியிடம் அன்று சொன்னது இதுதான். முன்னோடிப் பயனராக விண்ணப்பம் போடு. புது ஆராய்ச்சியைத் தூக்கிக்கொண்டு போகாதே. பழைய இயந்திரத்தில் ஓட்டி விடை தெரிந்த ஒன்றைக் கொண்டுபோ. முதலில் ஒரு நோடு, பிறகு இரண்டு, நான்கு, எட்டு என்று ஏற்று. விடையும் நேரமும் இரண்டையும் எழுதிவை. தப்பு வந்தால் "ஓடல" என்று எழுதாதே. எந்த நோடுகள், எத்தனை மணி, எந்தக் கோப்பு என்று எழுது. நம் பிள்ளைகள் இதில் கூச்சப்பட்டு ஒதுங்குவதைப் பார்த்திருக்கிறேன். தன் நிரலில்தான் பிழை இருக்கும் என்று அவர்களே முடிவு கட்டி, ஒரு வாரம் தனியே மாரடிப்பார்கள். அப்படி இருக்கவே கூடாது. இயந்திரம் புதுசு, சந்தேகப்பட உனக்கு உரிமையுண்டு.

அவள் 2006 டிசம்பர் மழையை எடுத்துக்கொண்டாள். அந்த டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் கோத்தா திங்கியை மூழ்கடித்த மழை. அவள் அத்தை வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு வெகுகாலம் இருந்தது. பதினாறு நோடு வரைக்கும் பழைய விடையே வந்தது. முப்பத்திரண்டில் ஒவ்வொரு தடவையும் முதல் ஆறு மணி நேர மழை பெய்து முடிந்ததும் நின்றுபோனது. நோடுகளின் பட்டியலோடு எழுதி அனுப்பினாள். பத்து நாளில் பதில் வந்தது: இரண்டு அலமாரிகளுக்கு நடுவே ஓடும் வலைக் கம்பி ஒன்று, பளு ஏறினால் தரவைத் தவறவிடுகிறது, மாற்றிவிட்டோம். கூடவே ஒரு கேள்வியும். உங்கள் உள்ளீட்டுக் கோப்பை நாங்கள் வைத்துக்கொள்ளலாமா?

இப்போது ஒவ்வொரு பராமரிப்பு நாள் முடிவிலும், பயனர்களுக்குக் கதவு திறக்குமுன், அந்த இயந்திரத்துக்குள் நாற்பது நிமிடம் கோத்தா திங்கி மழை பெய்கிறது. விடை ஒத்துப்போனால்தான் திறக்கிறார்கள்.